செத்தது எங்கள் பறவை, கொன்றது உங்கள் வாத்து

போன மாதம் என்னை ஒரு பயிற்சி வகுப்புக்கு அழைத்திருந்தார்கள். புதிதாக வேலையில் சேர்ந்த கால்நடை மருத்துவர்களுக்குப் பறவை நோய்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. ஓய்வுபெற்ற கிழவி ஒருத்தி அனுபவம் பேசினால், சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகள் கொஞ்சம் கண்ணயரலாம் என்று ஏற்பாடு. நானும் அதற்குத் தோதாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அல்லிக்குறிச்சி ஏரியில ஒரு தடவ பறவைக் காய்ச்சல் வந்துச்சாமே மேடம், அத எப்படிக் கட்டுப்படுத்துனீங்க?"

முன்வரிசையில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். "எல்லாருமாச் சேர்ந்துதாம்மா" என்று சொல்லிவிட்டுச் சால்வையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். வராத நோயைக் கட்டுப்படுத்திய கதையைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிட முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடையார்பாளையம் பக்கம் விவசாயக் குடும்பம். பெண் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டபோது ஊரில் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்து தலைவலி, முட்டிவலி சொன்னார்கள். மாட்டு டாக்டர் என்று தெரிந்ததும் வலியெல்லாம் தானாகச் சரியாகிவிட்டது. கல்லூரியில் குதிரையின் எலும்புகளை ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்தோம். என் சர்வீஸ் முழுவதிலும் நான் குதிரையைப் பக்கத்தில் பார்த்தது ஒரு கல்யாண ஊர்வலத்தில்தான். முதலில் பாடாலூர்ப் பக்கம் வேலை. நெடுஞ்சாலையில் லாரி அடித்த ஆடுகளுக்குக் கட்டுப்போட்டே சில வருடங்கள் போயின. பிறகு அரியலூர்ப் பக்கம் மாற்றினார்கள். அங்கேதான் அல்லிக்குறிச்சி ஏரி எனக்கு வாய்த்தது.

பெரிய ஏரி. ஆனால் வருடம் பூராவும் ஏரியாக இருக்காது. ஆவணியில் வாய்க்காலில் தண்ணீர் வரும், ஐப்பசி மழையில் நிரம்பும், கார்த்திகையில் அக்கரை தெரியாது. பங்குனியில் சுருங்கிவிடும். சித்திரையில் போய் "ஏரி எங்கே?" என்று கேட்டால் நீங்கள் நிற்கிற இடத்தைத்தான் காட்டுவார்கள். தண்ணீர் இருக்கும்வரை கீழே சம்பா விளையும், உள்ளே மீன் விளையும், எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்கும். வற்றினால் உள்ளே எருமை மேயும், வெள்ளரி போடுவார்கள். அறுப்பு முடிந்த வயல்களில் சிந்திய நெல்லுக்காகச் செஞ்சிப் பக்கத்திலிருந்து வாத்து மேய்ப்பவர்கள் வருவார்கள்.

இத்தனை பேர் பிழைக்கிற இடத்தை அரசாங்கம் அப்படியே விட்டுவைக்குமா? பங்கு பிரித்திருந்தது. தண்ணீர் ஒரு ஆபீஸுக்கு. தண்ணீர் வற்றினால் தெரிகிற தரை இன்னொரு ஆபீஸுக்கு. பறவை வேறொரு ஆபீஸுக்கு. மீன் மற்றொன்றுக்கு. ஏரிக்குத் தண்ணீர் குடிக்க வரும் ஆடு, மாடு, கோழி, வாத்து எங்களுக்கு. இந்த ஆபீஸ்களின் பெயர்களைச் சொல்ல மாட்டேன். மாதாமாதம் ஓய்வூதியம் வாங்குகிறேன்.

எங்கள் மேலதிகாரியின் பெயரையும் சொல்ல மாட்டேன். நாங்கள் "பெரிய சார்" என்போம், நானும் அப்படியே எழுதுகிறேன். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சென்ட் போட்ட கைக்குட்டை. கால்நடைகளுக்கு அதிகாரியாக இருந்தும் ஒரு கால்நடையையும் தொட்டு நான் பார்த்ததில்லை. அவருடைய அறையில் போன் வந்தால், மறுமுனையில் பேசுவது யார் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. அவர் நாற்காலியிலிருந்து எவ்வளவு தூரம் எழுகிறார் என்று பார்த்தால் போதும். சமமான அதிகாரி என்றால் முதுகு மட்டும் நிமிரும். ஒரு படி மேலே என்றால் பாதி எழுவார். கலெக்டர் என்றால் முழுதாக எழுந்து, செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு பேசுவார். எங்கள் போன் என்றால் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொள்வார்.

எந்தப் பிரச்சினையைச் சொன்னாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்: "இது நம்மகிட்ட வருதா?"

நான் போன புதிதில் ஒரு சினை எருமை ஏரிச் சேற்றில் சிக்கிக்கொண்டது. வயிறு வரை இறங்கிவிட்டது. கயிறும் ஆளும் வேண்டும், தீயணைப்பு வண்டிக்குச் சொல்லுங்கள் என்று அவருக்குப் போன் செய்தேன்.

"எரும ஏரிக்குள்ள இருக்கா, கரையில இருக்கா?"

"உள்ளதான் சார். சேத்துல."

"சேறுன்னா தண்ணியா, தரையா?"

"ரெண்டும்தான் சார்."

"அப்படிச் சொல்லக்கூடாதும்மா. ஏதாவது ஒண்ணாச் சொல்லுங்க. முன்னங்கால் எதுல இருக்கு?"

நான் முன்னங்காலைப் பார்க்கத் திரும்புவதற்குள் எருமைக்காரர் ஊராட்களைக் கூப்பிட்டு, வைக்கோலைச் சேற்றில் பரப்பி, வயிற்றுக்கடியில் கயிறு கொடுத்து இழுத்துவிட்டார். எருமை கரையில் நின்று உடம்பை உதறியது. "கரைக்கு வந்துருச்சு சார்" என்றேன். "அப்ப நம்மகிட்டதான் வருது. உடனே போயிப் பாருங்க" என்றார் பெரிய சார்.

அந்த எருமை ஒரு வாரத்தில் நல்லபடியாகக் கன்று போட்டது. பெரிய சாருடன் எப்படிக் குப்பை கொட்டுவது என்று நான் கற்றுக்கொள்ளப் பல வருடங்கள் ஆயின. அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தப் பெண் கேட்ட கதை.

அந்த வருடம் தை மாதத்தில் ஏரியில் பறவைத் திருவிழா நடத்த முடிவானது. பறவைகளைப் பார்க்கக் கிழக்கு மூலையில் ஒரு மேடை. மேடைமேல் ஆள் உயரத்தைவிடப் பெரிதாக ஃபைபரில் ஒரு நாரை. ஒப்பந்தம் எடுத்தவரை ஊரில் எல்லாரும் "சேர்மன்" என்பார்கள். அவர் எதற்கும் சேர்மனாக இருந்ததில்லை. ஒருமுறை தேர்தலில் நின்று தோற்றார், அந்த மரியாதைதான். மேடை கட்டுகிற இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது. சேர்மன் அந்த மூலையை மண்ணைக் கொட்டிக் குறுக்கே அடைத்து, உள்ளே இருந்த தண்ணீரை மோட்டார் வைத்து வெளியேற்றினார். ஆகப் பறவைகளைப் பார்ப்பதற்காகப் பறவைகள் இருந்த தண்ணீரை இறைத்தார்கள். மைக் செட் வைத்ததும் மிச்சப் பறவைகளும் அக்கரைக்குப் போய்விட்டன. வந்த ஜனங்கள் ஃபைபர் நாரையோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

விழா முடிந்தது. குறுக்கே கொட்டிய மண்ணை யாரும் எடுக்கவில்லை. அடைபட்ட மூலையில் ஒரு பள்ளம் மட்டும் குட்டையாக மிஞ்சியது. மூலையில் இருந்த மீனெல்லாம் அதில் வந்து ஒதுங்கி, மாசி வெயிலில் செத்து மிதந்தது.

பத்துப் பதினைந்து நாளில் பறவைகள் சாக ஆரம்பித்தன.

எங்கள் மருந்தகத்தில் உதவியாளர் மாணிக்கம். உள்ளூர்க்காரர். அவர்தான் வந்து சொன்னார். "டாக்டரம்மா, மேடை பக்கம் பறவையா விழுந்து கெடக்குதுங்க. வாட்ஸப்ல சைபீரியாக் காய்ச்சல்னு போட்டுட்டானுங்க."

போய்ப் பார்த்தேன். குட்டையோரம் நாமக்கோழிகளும் கிளுவைகளும் செத்துக் கிடந்தன. ஒரு நாமக்கோழிக்கு மட்டும் உயிர் இருந்தது. கால் அசையவில்லை. சிறகையே துடுப்பாகப் போட்டு நகரப் பார்த்தது. கழுத்து துவண்டு முகம் தண்ணீரில் விழுந்தது, தூக்கியது, மறுபடி விழுந்தது. மூக்கில் சளி இல்லை. முகம் வீங்கவில்லை. கண் தெளிவாக என்னையே பார்த்தது. பக்கத்தில் அழுகிய மீன். செத்த பறவைகள் உடம்பெல்லாம் புழு. அந்தப் புழுவை இன்னொரு கிளுவை கொத்திக்கொண்டிருந்தது.

அழுகலில் ஊறுகிற ஒரு நஞ்சு உண்டு. புழுவின் உடம்பில் அது சேரும். புழுவைத் தின்ற பறவைக்கு நரம்பு செயலிழந்து கழுத்து துவளும். அது செத்தால் அதிலும் புழு வைக்கும், அதை அடுத்தது தின்னும். எனக்குத் தோன்றியது அதுதான். ஆனால் பறவைக் காய்ச்சல் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அந்தச் சந்தேகம் இருக்கும்போது செத்த பறவையை அறுத்துப் பார்க்கவும் கூடாது. மாதிரி எடுத்து வடக்கே இருக்கிற பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

மாதிரி எடுக்கப் போனால் பறவை ஆபீஸின் அதிகாரி வந்து நின்றுகொண்டார். இளைஞர், நன்றாகப் படித்தவர். "மேடம், இது பாதுகாக்கப்பட்ட பறவை. மேலிடத்து அனுமதி இல்லாம நீங்க தொடக்கூடாது" என்றார். அனுமதி வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். அது அவருடைய கையில் இல்லை என்றார். செத்த பறவை கரையில் ஒதுங்கினால்? "கரை எங்ககிட்ட வராது மேடம்."

மாணிக்கம் என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் கரையில் ஒரு கருவேல நிழலில் உட்கார்ந்துகொண்டோம். மத்தியானத்துக்கு மேல் காற்று எங்கள் பக்கம் அடித்தது. பறவைகள் ஒவ்வொன்றாகக் கரையில் வந்து தட்டின. அதிகாரி எதிர்ப்பக்கம் திரும்பி நின்று போன் பேசினார். அதற்கு நான் இன்றும் அவருக்கு நன்றி சொல்வேன்.

வெள்ளைப் பாதுகாப்பு உடையை அப்போது ஊரில் யாரும் பார்த்ததில்லை. பிற்பாடு நாடே பார்த்தது. மாசி வெயிலில் அதை மாட்டினால் சட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பஞ்சுக் குச்சியைத் தொண்டைக்குள் விட்டுத் திருப்பி எடுக்க வேண்டும், இன்னொன்றைப் பின்வாசலில். மருந்துத் திரவம் இருக்கும் குப்பியில் குச்சியை இறக்கி, நீட்டிக்கொண்டிருப்பதை ஒடித்து, மூடி, ஒட்டி, ஒரு உறைக்குள் போட்டு, அதை இன்னொரு உறைக்குள் போட்டு ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். உடையைப் போடும்போது அபாயமில்லை, கழற்றும்போதுதான். வெளிப்பக்கம் உள்ளே மடிகிற மாதிரி மெதுவாக உரித்தெடுக்க வேண்டும். நான் உரித்தெடுத்ததை ஊரே கரையில் நின்று செல்போனில் பிடித்தது. அன்று சாயங்காலம் நான் அரியலூர் டவுன் வரைக்கும் பிரபலம்.

பிரச்சினை பறவையோடு நிற்கவில்லை. ஏரிக்குக் கீழே அறுத்த வயலில் அஞ்சலையும் அவள் புருஷன் வேலுவும் வாத்துப் பட்டி போட்டிருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேல் வாத்து. அவர்கள் வருடா வருடம் வருகிறவர்கள்தான். முந்தின வாரம்வரை ஊரே அவர்களிடம் முட்டை வாங்கித் தின்றது. இப்போது ஊர் முடிவு செய்துவிட்டது, நோயைக் கொண்டுவந்தது செஞ்சி வாத்துதான் என்று.

நான் பட்டிக்குப் போனபோது அஞ்சலை அடுப்புக் கூட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழவில்லை.

"கழுத்த நெரிப்பீங்களா, ஊசி போடுவீங்களாம்மா? சொல்லிட்டீங்கன்னா நாங்களும் மனச அதுக்கேத்த மாதிரி வச்சிக்குவோம்."

"யாரு சொன்னது கொல்லப் போறோம்னு?"

அவள் கையை நீட்டினாள். வயலுக்கு அந்தப் பக்கம் சேர்மனின் ஜேசிபி குழி வெட்டிக்கொண்டிருந்தது. மாதிரி இன்னும் ரயில் ஏறவில்லை, குழி ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. எங்கள் நாட்டில் எந்த வேலையும் மெதுவாக நடக்கிறது என்று யார் சொன்னது?

வாத்துகளைப் பார்த்தேன். துருதுருவென்று இருந்தன. அவற்றிலும் மாதிரி எடுத்தேன். அஞ்சலைதான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தாள். ஒரு வாத்து என் கையுறையைக் கொத்தியது. "நல்லா கொத்து" என்றாள் அதனிடம்.

மறுநாள் கூட்டம். நாரை மேடையின் நிழலில் நாற்காலி போட்டிருந்தார்கள். நாற்றம் தாங்காமல் எல்லா ஆபீஸும் மூக்கில் கைக்குட்டை வைத்திருந்தது. பெரிய சாருக்கு மட்டும் அது பழகிய பாவனை என்பதால் கம்பீரமாக இருந்தார்.

பறவை அதிகாரி ஆரம்பித்தார். "செத்தது எங்க பறவை. கொன்னது உங்க வாத்து. வாத்துக்கு நோய் வெளிய தெரியாது, ஆனா பரப்பும். இது உங்க புஸ்தகத்துலயே இருக்கு."

அது உண்மை, சிக்கலே அங்கேதான். வாத்து ஆரோக்கியமாக இருக்கிறது என்று நான் எதைக் காட்டினாலும் அதையே அவர் குற்றமாகக் காட்டலாம்.

அந்தக் குட்டைதான் காரணமாக இருக்கும், அழுகலை அள்ளிவிட்டு மண்ணை எடுத்தால் சாவு நிற்கும் என்று சொன்னேன். குட்டை யாருடையது என்ற பேச்சு வந்தது. உள்ளே தண்ணீர் இருப்பதால் தரைக்காரர்களுடையது இல்லை. ஏரியோடு சேராததால் தண்ணீர்க்காரர்களுடையது இல்லை. மீன் செத்துவிட்டதால் மீன்காரர்களுடையது இல்லை. அரை மணி நேரம் பேசி, அந்தக் குட்டை யாருக்கும் சொந்தமில்லாத ஒரு தெய்விகத் தோற்றம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

பெரிய சார் என்னைத் தனியே கூப்பிட்டார். "இவ்வளவு பேசுவானேம்மா? வாத்துதானே நம்மகிட்ட வருது. வாத்து இருந்தாத்தான் பிரச்சினை நம்மகிட்ட வரும். வாத்து இல்லேன்னா?"

"ரிசல்ட் வராம எப்படி சார் கொல்றது?"

"நீங்களே ஒரு முடிவு எடுங்க. ஆனா சாயங்காலத்துக்குள்ள எடுங்க. நான் சொன்னேன்னு வேணாம்."

இதுதான் அவர் உத்தரவு போடும் விதம்.

அஞ்சலை கையை நீட்டிக் குழியைக் காட்டியதுதான் கண்ணில் நின்றது. பேசாமல் எழுந்துபோய்விடலாமா என்று மேடையிலிருந்து வயல் பக்கம் பார்த்தேன். வாத்துப் பட்டி தெரிந்தது. அதற்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், நீளமான தகரக் கொட்டகைகள் வெயிலில் பளபளத்தன. சேர்மனின் கறிக்கோழிப் பண்ணை. அங்கே தடுப்பூசிக்கு நானே பலமுறை போயிருக்கிறேன்.

நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "சரிங்க சார். இந்த வாத்துக்குக் காய்ச்சல்னு நாம முடிவு பண்ணி அழிக்கிறதுன்னா, விதிப்படியே செய்யலாம். வாத்த மட்டும் அழிச்சாப் பத்தாது. சுத்துவட்டாரத்துல இருக்குற கோழி, வாத்து, வான்கோழி எல்லாத்தையும் அழிக்கணும். வீட்டுக் கோழியோட ஆரம்பிச்சு, சேர்மன் அண்ணன் பண்ணை வரைக்கும். முட்டை, தீவனம் எல்லாம் எரிக்கணும். அப்புறம் மாசக்கணக்குல அங்க கோழியே விடக்கூடாது. குழி பத்தாது, ஜேசிபிய இன்னும் ரெண்டு குழி வெட்டச் சொல்லலாம்."

ஜேசிபி சத்தம் அப்போதுதான் எல்லாருக்கும் கேட்ட மாதிரி இருந்தது. சேர்மன் கூட்டத்தில் இல்லை, ஆனால் மேடைக்குப் பின்னால் டீ ஏற்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்துவிட்டார்.

"என்னங்க டாக்டரம்மா, என் பண்ணையில ஒரு கோழிக்குத் தும்மல்கூட இல்ல."

"வாத்துக்கும் இல்லதாங்க. வெளிய தெரியாதுன்னு சார் சொல்றாரு."

சேர்மன் பட்டியைப் பார்த்தார், பண்ணையைப் பார்த்தார். அப்புறம் பெரிய சார் பக்கம் திரும்பினார். அவருடைய குரலில் அப்படியொரு கனிவை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

"பாவம் சார், வாயில்லாத ஜீவன். பொழைக்க வந்த சனம். டெஸ்டு ரிசல்ட்டு வர்றதுக்குள்ள என்ன அவசரம்?"

பெரிய சார் பாதி எழுந்தார். சேர்மனுக்கு அரை எழுச்சி என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். "நானும் அதத்தான் சொல்றேன். விஞ்ஞானபூர்வமா அணுகணும்" என்றார்.

ஜேசிபி நின்றது.

ரிசல்ட் வரும்வரை வாத்துகள் பட்டியைவிட்டு நகரக்கூடாது என்று முடிவானது. மேயாமல் ஆயிரம் வாத்து எதைத் தின்னும் என்று யாரும் யோசிக்கவில்லை, சேர்மனைத் தவிர. அந்தப் பட்டியில் ஒரு வாத்து பசியில் செத்தாலும் அது தன் பண்ணைமேல் வந்து விழும் என்று அவருக்குப் புரிந்திருந்தது. தினமும் டெம்போவில் கோழித் தீவன மூட்டை வந்து இறங்கியது. தண்ணீர் டேங்கர் வந்தது. "கோழித் தீனியத் தின்னு என் வாத்து கோழியாட்டமே ஆயிருச்சும்மா, அசைய மாட்டேங்குது" என்று அஞ்சலை சலித்துக்கொண்டாள். அந்த நாட்களில் அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை நான் பார்த்தது அப்போதுதான்.

ஏனென்றால் வாத்துக்குக் கிடைத்த கவனிப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஊர்க் கடையில் சாமான் கொடுக்கவில்லை. ஒருநாள் வேலு அரிசி வாங்கப் போனான். கடைக்காரர் அரிசிப் பையைத் தெருவில் வைத்துவிட்டு, தான் உள்ளே போனபிறகு வந்து எடுத்துக்கொள் என்றிருக்கிறார். அவன் எடுத்துக்கொண்டு வந்தான். பையைப் பட்டிக்கு வெளியே வைத்துவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்தான். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "மூணு வருசமா அவரு கடைக்கு நாங்கதாம்மா முட்ட போட்டோம்" என்று அஞ்சலைதான் என்னிடம் சொன்னாள். நான் வாத்துகளின் கண்ணிமையைத் தூக்கிப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

இதற்கிடையே குட்டையோரம் தினமும் பறவை செத்தது. தெய்விகத் தோற்றத்தில் கை வைக்க எந்த ஆபீஸும் வரவில்லை. ஒருநாள் விடிகாலையில் நானும் மாணிக்கமும் உடை மாட்டிக்கொண்டு இறங்கினோம். அஞ்சலையும் வேலுவும் வந்து நின்றார்கள். வேண்டாம், ஆபத்து என்றேன்.

"எங்களத்தான் ஒருத்தரும் தொட மாட்டேங்குறாங்களே. நாங்க எதத் தொட்டா என்னா?" என்றாள் அஞ்சலை. "அந்த வெள்ள உடுப்பு இன்னும் இருந்தாக் குடுங்க."

இருந்தது. கொடுத்தேன். போடும் முறையையும் கழற்றும் முறையையும் இரண்டு தடவை செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். நாலு பேருமாகச் செத்த பறவைகளையும் அழுகிய மீனையும் சாக்கில் அள்ளினோம். மாணிக்கத்துக்கு இரண்டு தடவை வாந்தி. வேலு எங்கள் மூவரைவிடவும் அதிகமாக அள்ளினான். வாத்துக்காக வெட்டிய குழி தயாராக இருந்தது. எல்லாவற்றையும் அதில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். பிறகு மண்வெட்டியால் குறுக்கு மண்ணை வெட்டிவிட்டோம். ஏரித் தண்ணீர் உள்ளே வந்தது.

பறவை அதிகாரி கரையில் நின்று படம் எடுத்தார். "மேடம், அனுமதியில்லாம பறவையக் கையாண்டதுக்கு இது ஆதாரம்" என்றார். நன்றாக எடுங்கள் என்றேன். பிறகு அந்தப் படம் பத்திரிகையில் வந்தது, அவருடைய ஆபீஸ் மேற்கொண்ட மாபெரும் தூய்மைப் பணி என்று. உடைக்குள் இருப்பது யார் என்று யாருக்குத் தெரியும்? அஞ்சலையும் வேலுவும் முன்னால் நிற்கிறார்கள். என்னுடையது முதுகு மட்டும்.

அடுத்த சில நாட்களில் பறவை சாவது குறைந்தது, பிறகு நின்றது. அந்த நஞ்சுதான் காரணம் என்று இன்றுவரை நான் சத்தியம் செய்ய மாட்டேன். அதைச் சோதிக்க யாரும் மாதிரி கேட்கவில்லை. ஆய்வகத்திலிருந்து வந்த பதில் ஒன்றே ஒன்று: பறவைக் காய்ச்சல் இல்லை, பறவைகளிலும் இல்லை, வாத்துகளிலும் இல்லை.

பெரிய சார் அன்றே காரில் வந்து இறங்கினார், போட்டோகிராபரோடு. நோயை வெற்றிகரமாகக் கட்டுப்படுத்தியதற்கு ஒரு படம் வேண்டும். இல்லாத நோயைக் கட்டுப்படுத்துவதில் ஒரு சௌகரியம், முழு வெற்றி நிச்சயம். அந்த வருடமே அவருக்கு நற்சான்றிதழும் கிடைத்தது.

அஞ்சலை அதற்குள் பட்டியைப் பிரித்துவிட்டாள். பாத்திரம், வலை, படுக்கை எல்லாவற்றையும் வேலு சைக்கிளில் கட்டிவிட்டான். திருமானூர்ப் பக்கம் அறுப்பு முடிந்திருக்கிறது, அங்கே போகிறோம் என்றாள். "அடுத்த வருசம் வருவீங்களா?" என்று கேட்டேன். கம்பை எடுத்துக்கொண்டே "எதுக்கு?" என்றாள்.

வாத்துகள் வரப்பில் வரிசையாக இறங்கி ரோட்டுக்கு வந்தன. பெரிய சார் வழியில் நின்று கைக்குட்டையை ஆட்டினார்.

"இந்தாம்மா, வாத்த ஒரு நிமிசம் நிறுத்து. ஒரு படம் எடுத்துக்குறோம்."

அஞ்சலை நிற்கவில்லை, கம்பையும் தாழ்த்தவில்லை.

"நிக்காதுங்க சார். இத்தன நாளு நிக்க வச்சீங்க, அது போதும்னு நெனைக்குது."

வாத்துகள் அவருடைய சலவைப் பேண்ட்டை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயின. அவர் கடைசி வாத்து கடக்கும்வரை கையைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நின்றார். போட்டோகிராபர் அதைத்தான் எடுத்தான். வேலு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைசியாகப் போனான். கடை வாசலில் நின்றவர்கள் வாத்துக்கு வழிவிட்டு உள்ளே ஒதுங்கினார்கள். அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.